‘வேண்டாம்’ என்று சொல்ல விடுங்கள்: அகதிக் குடும்பங்களை வரவேற்கும் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களே, சபைக் கமிட்டி அங்கத்தினர்களே, அகதிகள் ஊழியத்துக்கென்று பெயர் கொடுத்திருக்கும் சகோதர சகோதரிகளே,

ஸ்தோத்திரம்.

அகதிக் குடும்பம் ஒன்றைப் பொறுப்பெடுத்துக்கொள்ளலாம் என்று சபைகள் பல தீர்மானம் போடும் காலம் இது. நல்ல காரியம். 2024 கடைசியில் உலகம் முழுக்க வீடு வாசலை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் 12 கோடிக்கும் மேல் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் கணக்குச் சொன்னது. எல்லை தாண்டி அகதிகளானவர்களில் பெரும்பாலோர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும்தான் தங்கியிருக்கிறார்கள். அங்கிருந்து மூன்றாவது நாடொன்றில் முறைப்படி குடியமர்த்தப்படும் வாய்ப்பு ஆண்டுக்கு நூறில் ஒருவருக்குக்கூடக் கிடைப்பதில்லை. அப்படி வருகிறவர்கள் நேர்காணல், பாதுகாப்பு விசாரணை, மருத்துவப் பரிசோதனை என்று வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள். சொந்த முயற்சியில் வந்து புகலிடம் கேட்கிறவர்களுக்கோ, வந்த பிறகுதான் காத்திருப்பே ஆரம்பிக்கிறது.

நான் ஒரு சபையின் அங்கத்தினர். பிழைப்புக்கு மொழிபெயர்ப்பாளர். மருத்துவமனை, பள்ளிக்கூடம், குடியேற்ற அலுவலகம், சில நேரம் சபை மண்டபம் என்று இந்தக் குடும்பங்களோடு போய்வருகிறேன். மேசைக்கு இரண்டு பக்கமும் பேசுவதைக் கேட்பது என் வேலை. கேட்டதை வெளியே சொல்வது என் வேலை இல்லை என்பதால் பெயரும் ஊரும் இங்கே வராது. ஆனாலும் பொதுவில் சொல்லியாக வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

உங்கள் உதவியைப் பெறும் குடும்பம் உங்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறதா? சொன்ன பிறகும் மறுநாள் எல்லாம் முன்போலவே நடக்கிறதா? ஊழியம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். சபைகளில் நான் அடிக்கடி பார்க்கும் ஏற்பாடு இது. வீடு மூப்பர் ஒருவருடையது. வாடகையைக் குறைத்திருக்கிறார், நல்ல மனசு. வேலை இன்னொரு அங்கத்தினரின் கடையில். ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டுபவர் வாலிபர் கூட்டத் தலைவர். பள்ளியிலிருந்து வரும் கடிதத்தை வாசித்துச் சொல்பவர் போதகரம்மா. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அன்புதான். சேர்த்துப் பார்த்தால், அந்த மனிதருடைய கூரை, சம்பளம், மருந்து, பிள்ளைகளின் படிப்பு எல்லாமே ஒரே சபையின் கைக்குள் வந்துவிட்டன. சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணி, “நாளைக்கு ஆராதனைக்கு வண்டி அனுப்பட்டுமா பிரதர்?” என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு அது ஒரு அழைப்பு. அவருக்கோ வீட்டுக்காரர், முதலாளி, டிரைவர் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து கேட்கும் கேள்வி. “வருகிறேன்” என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்? நீங்கள் அதை ஆத்தும தாகம் என்று மாத அறிக்கையில் எழுதிவிடுவீர்கள்.

இதற்கு யாருடைய மனசும் கெட்டிருக்க வேண்டியதில்லை. ஏற்பாடு அப்படி அமைந்தாலே போதும், விளைவு தானாக வந்துவிடும். அதனால் ஏற்பாட்டை மாற்றுங்கள். வீடு முடிந்தவரை சபைக்கு வெளியே ஒருவருடையதாக இருக்கட்டும். இல்லையென்றால் சட்டப்படியான வாடகை ஒப்பந்தம் அவர்கள் பெயரிலேயே, அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டு, கையெழுத்தாகட்டும். சபையை விட்டுப் போனாலும் வீடு போகாது என்பது காகிதத்தில் இருக்க வேண்டும். வேலை சபை அங்கத்தினரிடம் என்றால் சம்பளம் சட்டம் சொல்லும் அளவுக்குக் குறையக்கூடாது, ரசீதோடு வர வேண்டும். ‘இப்போதைக்குக் கைச்செலவுக்குத் தருகிறேன், மொழி பழகட்டும்’ என்ற பேச்சை நான் பல கடைகளில் கேட்டிருக்கிறேன். ஊழியத்தின் பெயரில் நடந்தாலும் அது கூலியைப் பிடித்துவைப்பதுதான், அதைப் பற்றி யாக்கோபின் நிருபம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கே தெரியும். வங்கிக் கணக்கு அவர்கள் பெயரில், அட்டையும் ரகசிய எண்ணும் அவர்கள் கையில். அரசாங்கம் தரும் உதவித்தொகை நேரே அந்தக் கணக்குக்குப் போகட்டும். குறை சொல்ல வேண்டுமென்றால் சபைக்கு வெளியே யாரிடம் போக வேண்டும் என்பதையும், குடியமர்வு அமைப்பின் பொறுப்பாளர் எண்ணோடு, முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

சரி, அவர்கள் வந்து இறங்கும் நாளுக்கு வருகிறேன்.

விமான நிலையத்துக்கு நாற்பது பேர் போகாதீர்கள். மூன்று நான்கு பேர் போதும்; அதில் ஒருவர் அவர்கள் மொழி பேசுகிறவராக இருக்கட்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பேனர் வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம். ஐ.நா. வழியாகக் குடியமர வருகிறவர்கள் பலர் ஐ.ஓ.எம். (சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு) என்ற எழுத்து அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் வைத்திருப்பார்கள். பெட்டிகளைத் தூக்கிக்கொள்ளுங்கள், அந்தப் பையைத் தொடாதீர்கள். பயணப் பத்திரம், மருத்துவச் சோதனைத் தாள்கள், எக்ஸ்ரே, குடியேற்ற அனுமதி எல்லாம் அதற்குள்தான் இருக்கும். நடு இரவில் கழிப்பறைக்குப் போகும்போதுகூட அதை எடுத்துக்கொண்டு போன ஒரு தாயைப் பார்த்திருக்கிறேன். உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒரு வாலிபர் அதை வாங்கி வண்டியின் பின்பக்கம் வைத்தார். வீடு போய்ச் சேரும்வரை அந்த அம்மா திரும்பித் திரும்பிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி அவர்கள் முதலில் தேடுவது பெரும்பாலும் சாப்பாட்டை அல்ல, வைஃபையை. வந்து சேர்ந்துவிட்டோம் என்று பின்னால் விட்டு வந்தவர்களிடம் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டை ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். அடுப்பு எப்படி எரிகிறது, கதவு எப்படிப் பூட்டுகிறது, புகை எச்சரிக்கைக் கருவி கத்தினால் என்ன செய்வது, அவசரத்துக்கு எந்த எண் என்பதைக் காட்டுங்கள். போர் நடக்கும் இடத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கருவியின் சத்தம் வேறு எதையாவது நினைவுபடுத்தும். முன்கூட்டியே ஒரு தடவை அழுத்திக் காட்டிவிடுவது நல்லது. அப்புறம் கிளம்பிவிடுங்கள். ஜெபித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றால் காரில் உட்கார்ந்து ஜெபியுங்கள், கர்த்தர் கேட்பார்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மெத்தை புதிதாக இருக்கட்டும், ஏனென்றால் மூட்டைப்பூச்சி ஒரு தடவை வீட்டுக்குள் வந்தால் வாழ்க்கையே நரகம். பழைய துணி மூட்டைகள் வேண்டாம். அந்தப் பணத்தைக் கையில் கொடுத்துக் கடைக்குக் கூட்டிப்போங்கள். முகாமில் வருடக்கணக்கில் கொடுத்ததை வாங்கிக்கொண்ட பெண்ணுக்குத் தட்டின் நிறத்தைத் தானே தேர்ந்தெடுப்பது சின்ன விஷயமல்ல. சமையலறையில் எதை வைப்பது என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

இனி, சபைகள் அவ்வளவாக விரும்பாத வேலைக்கு வருகிறேன்: காகிதம். என் பார்வையில் ஊழியத்தின் பெரும்பகுதி இதுதான். அடையாள அட்டைப் பதிவு, வரி எண், வங்கி, மருத்துவக் காப்பீடு, பள்ளிச் சேர்க்கை, தடுப்பூசி விவரம், மொழி வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு கெடு. வரவேற்பு விருந்துக்கு அறுபது பேர் வருகிறார்கள். ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் அலுவலக வரிசையில் கூட நிற்க ஒரே ஒருவர்தான் கிடைக்கிறார், அதுவும் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஒரு சகோதரி. அந்தச் சகோதரிக்கு என் வணக்கம்.

இந்தக் காகிதங்களில் ஒரு விஷயத்தைக் கவனிப்பீர்கள். அப்பா பிறந்தது ஜனவரி 1, அம்மா ஜனவரி 1, பாட்டியும் ஜனவரி 1. பிறப்புப் பதிவே இல்லாத ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு, சரியான தேதி தெரியாதபோது அதிகாரிகள் இப்படி எழுதிவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். கேலி வேண்டாம். “உண்மையான பிறந்தநாள் எது?” என்று தோண்டிக் கேட்டு, நல்ல எண்ணத்தோடு வேறு படிவத்தில் வேறு தேதி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கும். பெயரும் அப்படித்தான். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் கடைசிப் பெயர் வேறுவேறாக இருக்கும், ஒரே பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். எந்த எழுத்து எந்தத் தாளில் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, முதன்மையான பத்திரத்தில் உள்ளபடியே எல்லாவற்றிலும் எழுதுங்கள். திருத்த வேண்டுமென்றால் அதற்கு வழக்கறிஞர் இருக்கிறார். பின்னால் விட்டு வந்த மனைவியையோ மகனையோ வரவழைக்கும் விண்ணப்பம் ஒரு எழுத்து மாறிப்போனதால் மாதக்கணக்கில் நின்றுபோவதுண்டு.

கடன் விஷயமும் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் குடியமர்த்தப்படும் அகதிகள் தங்கள் விமானச் செலவை வட்டியில்லாக் கடனாகத் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது; கனடாவிலும் குடியேற்றக் கடன் என்று ஒன்று உண்டு. எல்லாம் இலவசமாக வந்தவர்கள் என்று நினைத்துப் பேசும்முன் இதை நினைவில் வையுங்கள். கணக்கு வைத்துக்கொள்ள உதவ விரும்பும் அங்கத்தினர் இருந்தால் இதிலிருந்து தொடங்கலாம்.

மொழிபெயர்ப்பைப் பற்றி, என் தொழில் என்பதால் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர்களாக்காதீர்கள். பதினோரு வயதுப் பையன், தன் தாயின் கருப்பையில் என்ன கோளாறு என்று டாக்டர் சொல்வதைத் தாயிடம் சொல்ல வேண்டிய நிலைக்கு ஆளாகக்கூடாது. வீட்டில் யாருக்குப் பணம் எவ்வளவு, யாருக்கு என்ன நோய் என்று எல்லாம் தெரிந்த பிள்ளை சீக்கிரமே வீட்டின் தலைவனாகிவிடுகிறான், தகப்பன் சின்னவராகிவிடுகிறார். மருத்துவமனைகளில் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள், போனிலாவது. கேட்பதற்குத்தான் கூடப் போகிறவர் வேண்டும். இன்னொன்று: அதே மொழி பேசுகிறார் என்பதற்காக யாரையாவது கூட்டிவந்துவிடாதீர்கள். சண்டை நடந்தது அந்த மொழி பேசுகிறவர்களுக்குள்ளேயே இருக்கலாம். யாராக இருந்தால் வசதி என்று குடும்பத்திடம் தனியாகக் கேளுங்கள்.

இப்போது, உங்களுக்குப் பிடிக்காத இரண்டு காரியங்கள்.

முதலாவது ஜெபக் குறிப்பு. சபையில் ரகசியம் வெளியேறும் பெரிய வாசல் அதுதான். “இந்தக் குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று ஆரம்பிக்கும் வாட்ஸ்அப் செய்தியில் முழுப்பெயர் இருக்கும், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், அண்ணன் எந்தச் சிறையில் இருக்கிறார், எந்தக் கடவுளை விட்டு எந்தக் கடவுளிடம் வந்தார்கள் என்பதெல்லாம் இருக்கும், குடும்பப் படமும் இருக்கும். எழுதியவர் கள்ளமில்லாமல்தான் எழுதியிருப்பார். அது நூறு பேருக்குப் போய், அவர்களில் ஒருவர் முகநூலில் போட்டு, கடைசியில் அவர்கள் தப்பி வந்த இடத்துக்கே போய்ச் சேரும். இங்கே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அங்கே இருக்கும் தாய் தகப்பனுக்கு ஆகும். ஞாயிறு ஆராதனை நேரலை கேமராவுக்கும் இதே கதை. அது திரும்பாத பக்கம் இரண்டு வரிசையை ஒதுக்கிவையுங்கள். ஜெபிக்க விவரம் தேவையில்லை, ‘ஒரு குடும்பம்’ என்றால் போதும்.

இரண்டாவது, சாட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மேடையில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். புகலிட வழக்கு முடியாத ஒரு பெண்ணை முன்னால் அழைத்து மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. மூன்று வாக்கியம் பேசினார்: நன்றி, எல்லாரும் நல்லவர்கள், கடவுள் பெரியவர். எல்லாரும் கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள். பக்கவாட்டு நடையில் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் இப்போது சொன்னதும் என் கோப்பில் ஏறுமா?” என்று கேட்டார். யோசித்துப் பாருங்கள். மைக் முன்னால், அந்நியர் முன்னால், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நிற்கப் பேசிய ஒவ்வொரு தடவையும் அவருடைய வாழ்க்கை தராசில் இருந்திருக்கிறது. தேதி மாறினால் பொய், அழாவிட்டால் சந்தேகம். நீங்கள் அவருக்குக் கொடுத்தது இன்னொரு நேர்காணல். கதை கேட்காதீர்கள். சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றினால், ஒரு வருடம் கழித்துச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது சொல்வார்கள். அப்போது கேளுங்கள்.

சரி, அப்படியென்றால் சுவிசேஷமே சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். கமிட்டிக் கூட்டங்களில் இந்தக் கேள்வி வரும்போது குரல் கொஞ்சம் உயர்வதைக் கவனித்திருக்கிறேன். ‘சமூக சேவை செய்ய ஆயிரம் அமைப்பு இருக்கிறது, நாம் சபை’ என்பார்கள். நியாயமான பேச்சுதான். உங்கள் விசுவாசத்தை ஒளித்துவைக்கச் சொல்லவில்லை. ஏன் இதையெல்லாம் செய்கிறீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். அப்போது நேராகச் சொல்லுங்கள். மழுப்பினால் இன்னும் பயப்படுவார்கள், ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று.

நான் சொல்வது, உதவிக்கும் விசுவாசத்துக்கும் நடுவே முடிச்சுப் போடாதீர்கள் என்பதுதான். இதை வெளியாட்கள் நம்மேல் திணிக்கவில்லை. பேரிடர் நிவாரணத்துக்கென்று 1994-இல் செஞ்சிலுவை இயக்கமும் நிவாரண அமைப்புகளும் வகுத்த நடத்தை விதிகளில், உதவியை எந்த அரசியல், சமய நோக்கத்தையும் வளர்க்கப் பயன்படுத்தக்கூடாது என்று இருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் உலகத் திருச்சபைகள் மன்றமும், உலக லுத்தரன் சம்மேளனமும், கத்தோலிக்கரின் நிவாரண அமைப்பான காரித்தாஸும் உண்டு. அவர்கள் தாராளவாதிகள் என்று ஒதுக்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று: 2011-இல் உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் உலக சுவிசேஷக் கூட்டமைப்பும் சேர்ந்து கிறிஸ்தவச் சாட்சியைப் பற்றி வெளியிட்ட பரிந்துரையில், பண ஆசை காட்டுவதையும் மனிதரின் வறுமையையும் தேவையையும் பயன்படுத்திக்கொள்வதையும் தவறென்று சொல்லியிருக்கிறார்கள். இந்த மூன்று பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவது அபூர்வம்.

இன்னும் பின்னால் போகலாம். 361 முதல் 363 வரை ரோமை ஆண்ட ஜூலியன் கிறிஸ்தவத்தை ஒழித்துப் பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவர முயன்றவர். அவர் தம் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் புலம்பினார்: இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் சேர்த்துப் பராமரிக்கிறார்கள், நமக்கு வெட்கம். எதிரியிடமிருந்து வந்த நற்சான்று என்பதால் எனக்கு அது பிடிக்கும். 2016 ஏப்ரலில் போப் பிரான்சிஸ் லெஸ்போஸ் தீவின் முகாமுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தம் விமானத்தில் 12 சிரியர்களைக் கூட்டிவந்தார். மூன்று குடும்பங்கள், எல்லாரும் முஸ்லிம்கள்.

வேதத்திலேயே அந்நிய தேசத்திலிருந்து வந்த விதவை ரூத் இருக்கிறாள். ‘உன் தேவன் என் தேவன்’ என்று அவள் சொன்னதைப் பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். அதை எப்போது சொன்னாள் என்று பாருங்கள். போவாசின் வயலைப் பார்ப்பதற்கு முன்னால், கையில் ஒரு மணி தானியம்கூட இல்லாத நேரத்தில், மாமியார் நகோமி ‘திரும்பிப் போ’ என்று வற்புறுத்திக்கொண்டிருக்கும்போது. அவளை இழுக்க அங்கே ஒன்றுமே இல்லை. போவாஸ் வருவது பிறகு. வந்தவர் என்ன செய்கிறார்? வேலையாட்கள் அவளைத் தொடக்கூடாது என்று முதலில் கட்டளையிடுகிறார். நம் சபைகளில் பாதுகாப்புக் கொள்கை என்று எழுதி அலமாரியில் வைத்திருக்கிறோமே, அதுதான். அப்புறம், அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்திவிடுங்கள், அவள் பொறுக்கிக்கொள்ளட்டும், அவளை அதட்டாதீர்கள் என்கிறார். அவள் உழைத்துச் சேர்த்ததாகவே வீட்டுக்குக் கொண்டுபோனாள். சிந்திவிட்டதை யாரும் சாட்சியாகச் சொல்லவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை தேவை. ஞாயிறு பள்ளிக்கு வண்டி அனுப்புவது சுலபம், பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம். ஆனால் 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 4-ஆவது பிரிவு, தங்கள் மதத்தைக் கடைப்பிடிக்கவும் பிள்ளைகளுக்கு மதக் கல்வி கொடுக்கவும் அகதிகளுக்கு உள்ள சுதந்திரம் அந்நாட்டுக் குடிமக்களுக்கு இருப்பதைவிடக் குறையக்கூடாது என்கிறது. தகப்பனுக்கும் தாய்க்கும் அங்கே என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்று தெரிய வேண்டும், அவர்கள் மொழியில் தெரிய வேண்டும். வீட்டுப்பாட வகுப்பு என்று சொல்லிப் பாட்டும் வசனமும் சேர்த்துவிடுவது ஏமாற்று. உங்கள் பிள்ளைக்கு வேறு மதத்தார் அப்படிச் செய்தால் என்ன சொல்வீர்களோ, அதுதான் என் கருத்தும்.

ஒருவர் தானாகவே ஞானஸ்நானம் கேட்டால்? அவசரப்படாதீர்கள். சந்தேகப்படவும் வேண்டாம். ஐரோப்பாவில் புகலிட வழக்குகளில் மதமாற்றம் பெரிய விவகாரம்; வழக்குக்காக மாறினாரா, மனசாலே மாறினாரா என்று அதிகாரி கேள்வி மேல் கேள்வி கேட்பார், போதகரையும் சாட்சிக்கு அழைக்கலாம். சுவீடனில் ஓர் ஈரானியர் தம் மனமாற்றம் தனிப்பட்ட விஷயம் என்று சொல்லி முதலில் அதைத் தம் கோரிக்கைக்கு ஆதாரமாக வைக்கவே விரும்பவில்லை. கடைசியில் 2016 மார்ச்சில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்த மனமாற்றத்தால் வரக்கூடிய ஆபத்தைப் புதிதாக ஆராயாமல் அவரைத் திருப்பி அனுப்பினால் அது உரிமை மீறல் என்று சொன்னது. ஆக, தண்ணீரில் மூழ்கி எழுவது சிலருக்கு உயிர் சம்பந்தப்பட்டது. ஊரில் இருக்கும் குடும்பத்துக்கும்தான். முழு ஆயத்த வகுப்பு நடத்துங்கள், வழக்கறிஞரிடம் பேசச் சொல்லுங்கள், விசாரணையில் உங்களைக் கேட்டால் கண்டதை மட்டும் சொல்லுங்கள், கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். எண்ணிக்கையைச் சபை இதழில் போடாதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் வேறு மதத்தார் என்று சபைகள் எப்படியோ முடிவு கட்டிவிடுகின்றன. ஈராக்கிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வரும் கிறிஸ்தவர்களில் இன்றும் சுரியானி மொழியில் வழிபடுகிறவர்கள் இருக்கிறார்கள். இயேசு பேசிய அரமேயத்தின் நெருங்கிய சொந்தம் அது. எரித்திரியாவின் ஆர்த்தடாக்ஸ் மரபு 4-ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. மியான்மரின் கரேன் மக்களுக்குள் பாப்டிஸ்ட் சபைகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. இவர்களை உட்காரவைத்து ‘இயேசு யார் தெரியுமா’ என்று ஆரம்பித்தவர்களுக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். பாவம், மரியாதைக்காகத் தலையாட்டினார்கள். அவர்களுக்குத் தங்கள் மொழியில் ஆராதிக்கும் சபை பக்கத்தில் இருந்தால் அங்கே கூட்டிப்போய் விடுங்கள். இல்லையென்றால் ஞாயிறு மதியம் உங்கள் மண்டபத்தின் சாவியைக் கொடுங்கள். உங்கள் வரிசையில் ஒரு குடும்பம் குறையும். குறையட்டும்.

நன்றியைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் ஆறேழு மாதத்தில் ‘எவ்வளவு செய்தோம், ஒரு வார்த்தை இல்லை’ என்ற பேச்சு எங்காவது கிளம்பும். வந்த புதிதில் இருக்கும் உற்சாகம் வடிந்து, தூக்கமின்மையும் எரிச்சலும் வரும் காலமும் பெரும்பாலும் அதுதான். ஆபத்து தீர்ந்த பிறகுதான் துக்கத்துக்கு நேரம் கிடைக்கிறது. ஆசிரியராக இருந்தவர் கழிப்பறை கழுவுகிறார், ஊரில் தாய் இறந்தால் போக முடியாது. அப்போது போய் நன்றி கேட்பீர்களா? இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒன்பது பேர் நன்றி சொல்லத் திரும்பி வரவில்லை. ‘எங்கே’ என்று இயேசு கேட்டார், உண்மைதான். ஆனால் அவர்களுடைய சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

முறுமுறுப்பு வந்தால் அதற்கும் வேதத்தில் வழி இருக்கிறது. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம். தினசரிப் பந்தியில் எங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் குறைசொன்னார்கள். ‘கொடுத்ததை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லையா’ என்று யாரும் அதட்டவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே பந்தியை ஒப்படைத்தார்கள் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். உங்கள் அகதிகள் ஊழியக் கமிட்டியில் எத்தனை அகதிகள் இருக்கிறார்கள்? ஐந்து வருடம் முன்னால் வந்த ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள், நன்கொடைக் கணக்கைப் பார்க்கும் அதிகாரத்தோடு. சபையில் இல்லாதவராக இருந்தாலும் சரி. அவருக்கு எது வீண்செலவு என்று ஐந்து நிமிடத்தில் தெரியும்.

உங்களால் முடியுமா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. 1979-இல் கனடாவில் தனியார் பொறுப்பேற்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் ஒப்பந்தம் போட்டது மெனோனைட் சபையாரின் அமைப்பு. அடுத்த இரண்டு வருடங்களுக்குள் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து அங்கே வந்த சுமார் 60,000 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களைப் பொறுப்பெடுத்தவர்கள் சபைகளும் சாதாரணக் குழுக்களும்தான். 1986-இல், அகதிகளுக்கு உதவுகிறவர்களுக்கு ஐ.நா. தரும் நான்சென் விருது கனடா மக்கள் அனைவருக்குமாகவே கொடுக்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, பொறுப்பு வழக்கமாகப் பன்னிரண்டு மாதம் என்று முதலிலேயே எழுதியிருப்பது. எப்போது முடியும் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். உதவிக்கு முடிவுத் தேதி இருந்தால், அதற்குப் பிறகு வருவது நட்பா இல்லையா என்பதை அவர்கள் முடிவு செய்யலாம்.

ஆகவே அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதிப் பதிவேட்டில் ஏற்றுங்கள்: சபைக்கு வருவதோ வராமலிருப்பதோ எந்த உதவியையும் பாதிக்காது, இந்தத் தேதிவரை வாடகை, இந்தத் தேதிவரை போக்குவரத்து, குறை சொல்ல இன்னார். அதை அவர்கள் மொழியில் மொழிபெயர்த்து, வந்த முதல் வாரத்திலேயே கையில் கொடுங்கள். மொழிபெயர்க்க ஆள் கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள், எங்களில் சிலர் கூலி வாங்காமல் செய்து தருவோம். ஆனால் அந்தத் தாளில் வசனம் ஒன்றும் சேர்க்க மாட்டோம், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கிறிஸ்துவின் பணியில் உங்களோடு உள்ள
ஒரு மொழிபெயர்ப்பாளர்